புகார் வாங்குகிறவளின் புகார்

என் வாலுக்குட்டிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை, கேட்டால் "சூப்பர்மா" என்பாய், அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. எங்கள் தண்ணீர் சப்ளை ஆபீசில் போன வாரம் எங்கள் மனசைத் திடப்படுத்த ஒரு பயிற்சிக்காரரை வரவழைத்தார்கள். புகார் கவுண்டரில் நாலு பேர் வேலையை நானும் பக்கத்து சீட் அக்காவும் பார்க்கிறோம், அதற்கு ஆள் போட வக்கில்லை, அந்த மகராசன் வந்து கவுண்டரில் ஒரு கண்ணாடியை மாட்டி, தினமும் அதைப் பார்த்து "என்னால் முடியும்" என்று சொல்லுங்கள், டென்ஷன் பறந்துவிடும் என்றார். பறந்தது அவர்தான். குழாயில் காற்றுதான் வருகிறது என்று கத்த வருகிறவர்கள் இப்போது அதில் தலையை வாரிக்கொண்டே கத்துகிறார்கள். எங்களைக் காப்பாற்றுவது மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான். அன்றைக்கு அதிகமாகத் திட்டினவரை மாதிரியே நடித்துக் காட்ட வேண்டும், நன்றாக நடித்தவருக்கு ஃபேனுக்கடியில் நாற்காலி. நேற்று அக்கா ஒரு வக்கீலை நடித்துக் காட்டியதில் எனக்குப் புரையேறிவிட்டது. முதலில் அழுதுவிட்டுத்தான் நடித்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன். முதுகைத் தடவிக்கொடுக்க நான் இருந்தேன்.

உனக்கு ஆபீசில் "எப்போதும் சிரித்த முகம்" கோப்பை கொடுத்த போட்டோவை அப்பா காய்கறிக் கடைக்காரரிடம்கூடக் காட்டிவிட்டார். நான் அதைப் பெரிசாக்கிப் பார்த்தேன். கோப்பை பளபளவென்று இருக்கிறது, பிடித்திருக்கிற விரலில் நகமே இல்லையேடி! பரீட்சை பயத்தில்தான் அப்படி ரத்தம் வரக் கடிப்பாய். அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. உன் செக்‌ஷனில் இரண்டு பேர் நின்றுவிட்டதாக ஒரு நாள் வாய்தவறிச் சொன்னாய். அவர்கள் வேலையையும் உன் தலையில் கட்டிவிட்டுக் கையில் கோப்பையைக் கொடுத்தார்களா, நல்ல சாமர்த்தியம்தான். நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாய்!

முடியாது என்று மேனேஜரிடம் ஒரு தரம் சொல்லிப் பார், தலையையா வாங்கிவிடுவார்? அங்கே நம்பிக்கையான ஒருத்தியிடம் உட்கார்ந்து அழு, அப்புறம் மேனேஜரை நடித்துக் காட்டு. என்னையே என் எதிரில் நடித்துக் காட்டினவள்தானே நீ. வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போனில் "சூப்பர்" என்று ஆரம்பித்தால் வைத்துவிடுவேன். கண்டவர்கள் புகாரையெல்லாம் நாள் முழுக்கக் கேட்கிறேன், நான் பெற்ற பெண் எனக்கு ஒரு புகார் சொல்லக்கூடாதா?

நன்றாக இரு கண்ணே, நகம் வளரட்டும்.

இப்படிக்கு,
உனக்காக எந்நேரமும் கவுண்டரைத் திறந்துவைத்திருக்கும்
அம்மா