கழுத்துநீர்ச் சூள் மறந்த மடைத்தலைவருக்குக் கருவிளை ஊரார் விடுத்தது

ஏரி நிறைக! வயல் விளைக! சொன்ன சொல் சொன்னவரைத் தேடிச் சேர்க!

செங்காவி நாட்டுக் கருவிளைப் பேரூரின் ஏரிச்சபையார் பணிக்க, சபை ஓலைநாயகம் கொற்றன் பூவணன் எழுத்து. தலைநகராம் மணிமாடபுரத்து மாளிகையின் மேல்மாடத்தில் எழுந்தருளியிருக்கும் எங்கள் மடைத்தலைவர், எண்திசை நீர்காத்த பெருந்தகை, வறட்சி வென்ற வாகையர், மேகத்தின் மைத்துனர், மருதன் தாழியார் திருமுன்பு இவ்வோலை சென்று சேர்க. தாங்களே தங்களுக்குச் சூட்டிக்கொண்ட ஏனைய விருதுகளை ஓலையின் அகலம் கருதி விட்டுவிட்டோம், பொறுத்தருள்க. தங்கள் குடையும் கவரியும் அவற்றைத் தூக்குவோரின் தோள்களும் நலம் என நம்புகிறோம். இங்கே ஏரி நலமில்லை. ஆகவே வேறெதுவும் நலமில்லை.

சபைக்குடத்தில் ஓலையிட்டுத் தங்களைத் தேர்ந்த நாளைத் தாங்கள் மறந்திருக்கலாம். மேல்மாடத்தில் காற்று பலமாமே, பழையன பறந்துவிடும். நாங்கள் மறக்கவில்லை. தங்கள் பெயரை என் கையாலேயே எழுதி இட்டேன். அடுத்த வீட்டானையும் இழுத்துவந்து இடச்செய்தேன். அவன் இப்போது என்னைக் கண்டால் காறித் துப்ப முயல்கிறான்; வாய் வறண்டிருப்பதால் அதுவும் அவனுக்கு இயலவில்லை.

அன்று ஊர் வழக்கப்படி மதகருகே ஏரிக்குள் இறங்கி, கழுத்தளவு நீரில் நின்று, தாங்கள் கழுத்துநீர்ச் சூள் உரைத்தீர்கள். ஏரியைத் தோண்டி ஆழமாக்குவேன், இந்நீர் என் கழுத்துக்குக் கீழ் இறங்க விடேன், இறங்குமாயின் என்னை இதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துங்கள், நீர் மீண்டும் கழுத்துக்கு ஏறும்வரை கரையேறேன் என்பதே அச்சூள். வெளியே வந்து தாங்கள் நடுங்கிய நடுக்கம் கண்டு என் மேலாடையைப் போர்த்தினேன். அது இன்னும் திரும்பவில்லை என்று குறிப்பது சிறுமை; ஆயினும் குறிக்கிறேன்.

பின்னர் நிகழ்ந்ததைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் ஏரியைத் தூர்வாரக் கோமான் தங்கள் பொறுப்பில் ஒப்படைத்த மண்வெட்டியாளர் அனைவரும் தங்கள் மாளிகை முற்றத்தில் தாமரை வாவி தோண்டினர். அதற்குக் கருவிளை வாவி என்று எங்கள் ஊர்ப்பெயரையே சூட்டிய நன்றியுணர்வை எண்ணி உருகினோம். முறையிட வந்த எங்கள் ஆட்களை வாயிலோன் மறித்து, தலைவர் நீரைப் பற்றி ஆழ்ந்த சிந்தனையில் இருக்கிறார் என்றானாம். கதவிடுக்கில் பார்த்தவர்கள் அது மெய்யே என்றனர். தாங்கள் அன்னவடிவ ஓடத்தில் மல்லாந்து சிந்தித்துக்கொண்டிருந்தீர்களாம்.

இதைக் கேட்ட வலைச்சி நாகை சபை நடுவே எழுந்து, ஏரியைத் தோண்டுவேன்னு அந்த மகராசன் சொன்னது பொய்யில்லையே, யார் வீட்டு ஏரின்னு கேக்கத் துப்பில்லாம நின்னது நாமதானே என்றாள். சபை சிரித்தது. சிரித்து முடித்தபின் எவரும் வீட்டுக்குப் போகவில்லை.

ஏனெனில் ஏரியில் இன்று கணுக்கால் நனையவும் நீரில்லை. நாற்று கருகிற்று. மீன் பிடித்த இடத்தில் ஆடு மேய்கிறது. மழைக்கு முன் ஏரி ஆழப்படாவிடில், விதைநெல்லையும் தின்றுவிட்டு ஊரைக் காலிசெய்வதன்றி எங்களுக்கு வழியில்லை.

ஆதலின் சபை முடிவு செய்தது யாதெனில்: தாங்கள் என்னும் சொல்லை இவ்வரியோடு நிறுத்துகிறோம். ஊர் தந்த மரியாதை ஊருக்கே மீண்டது. இனி உம்மை நீர் என்றே விளிப்போம். எங்கள் ஏரிக்கு வேறு நீர் வரக் காணோம், நீராவது வாரும்.

அடுத்த முழுநிலவுக்குள் வந்து, மதகருகே இறங்கித் தோண்டத் தொடங்குவீர். உமக்குக் குடை பிடித்தவர் மண்வெட்டி பிடிக்கலாம்; விருது கூவியவர் கூடை சுமக்கலாம்; கூவிக்கொண்டே சுமந்தாலும் தடையில்லை. மழை பெய்து நீர் உம் கழுத்தைத் தொட்டபின்னரே கரையேறுவீர். மேகம் உமக்கு மைத்துனராதலால் இது கடினமன்று. உட்கார்ந்தோ படுத்தோ கழுத்தளவு காட்டுவது செல்லாது. நிற்க மட்டும் ஒரு குழி பறித்துக்கொள்வதும் செல்லாது. ஏரி முழுதும் ஆழப்படவேண்டும். உம் அறிவை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. அதனாலேயே இவற்றை எழுதிவைத்தோம்.

கோமானிடமும் விண்ணப்பித்தோம். ஏரியில் நின்று சூளுரைத்தவரை ஏரியே திரும்ப அழைக்கும் வழக்கில் அரசு குறுக்கிடாது என்று இசைவளித்த கோமான், தாமும் காண வருவதாகவும், தம் இருக்கையை ஏரிக்குள்ளேயே இட இடமுண்டோ என்றும் வினவியருளினார். தாராளமாக உண்டு என்று விடையெழுதினோம்.

வாராதொழியின், தேர்ந்த அன்று உம்மைத் தோளில் சுமந்த அதே ஆட்கள் புறப்பட்டு வருவர். உம்முடைய அன்றைய எடை அவர்களுக்குத் தெரியும். இன்றைய எடைக்கெனச் சிலரைக் கூட்டியிருக்கிறோம். எப்படி வந்தாலும் என் மேலாடையைக் கொண்டுவாரும்.

ஏரிமண் குழைத்து முத்திரையிடுவது சபை வழக்கு. குழைக்கப் போதிய ஈரம் இல்லை. ஆகவே முத்திரை உடைந்து சேர்ந்தால், ஓலை மெய்யானது என்று அறிக.

இது கருவிளை ஏரிச்சபையார் ஆணை. மறுமொழி வேண்டா, மண்வெட்டி போதும்.

சபைக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. அன்று உம்மைவிட நெட்டையான ஒருவரைத் தேர்ந்திருக்கலாம். ஏரி இன்னும் ஒரு சாண் ஆழப்பட்டிருக்கும்.