பீலியில் தண்ணீர் குடித்த சின்னதொரை

அன்புள்ள அக்கா,

இவ்வளவு இரவில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. எழுத்து கோணலாகப் போனால் உங்களுக்கு இதை வாசித்துக் காட்டும் வசந்தி சிரிக்க வேண்டாம். கோட்டுக்கு மேலே எழுது, கோட்டுக்கு மேலே எழுது என்று அவளைத் திட்டிய அதே டீச்சர்தான் எழுதுகிறேன். இவருக்கு இந்த வாரம் ஃபெக்டரியில் இரவு வேலை. பாப்பா தூங்கிவிட்டாள். பகலில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே யாராவது கூப்பிடுகிறார்கள்.

சற்று முன்பு சின்னதொரை என் மடியில் ஏறி, முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டது. அதன் வாயிலிருந்து வந்த நாற்றத்தில், நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்காம்பராவின் ஞாபகம் வந்தது. அடைமழை நாட்களில் காயாத தொட்டில் துணிகளை அடுப்பைச் சுற்றிக் கயிற்றில் போடுவீர்களே, அந்த மூத்திர வாசனை. பூனையின் வாயில் அது வரக்கூடாது. ஏன் வருகிறது என்று எனக்கு இப்போது தெரியும். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நேராக அங்கே போக மனம் வரவில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன்.

நான் இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது என் வகுப்புக்கும் உங்கள் பிள்ளைக்காம்பராவுக்கும் நடுவில் ஒரு கொய்யா மரம்தான் இருந்தது. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் விடியற்காலையில் பிள்ளைகளை உங்களிடம் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். இருபது தொட்டில், நீங்கள் ஒருவர், கஞ்சி காய்ச்ச இன்னொரு பெண். பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆனதும் நானும் கொண்டுவந்து விட்டேன். விட்ட பிறகு எனக்கு வகுப்பில் கால் தரிக்கவில்லை. பாடத்துக்குப் பாடம் ஓடிவந்து ஜன்னலில் நிற்பேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வீர்கள்: "டீச்சர், ஒங்க புள்ள இன்னும் மூச்சு விடுது. போயி பாடத்த நடத்துங்க."

மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். காலேஜ் படித்தவளுக்கு வாய்ப்பாடு தெரியும், பிள்ளை பசியில் அழுகிறதா வயிற்று வலியில் அழுகிறதா என்று தெரியாது என்பார்கள். உண்மைதான், தெரியாது.

பாப்பாவுக்கு எட்டு மாதமாக இருந்தபோது ஒரு நாள் அப்படித்தான் ஜன்னலுக்கு வந்தேன். யாருடைய பிள்ளையோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. பாப்பாவின் தொட்டில் அசையவில்லை. நன்றாகத் தூங்குகிறாள் என்று நிம்மதியாகத் திரும்பி நடந்தேன். கொய்யா மரத்தடிக்கு வருவதற்குள் நீங்கள் கூப்பிட்டீர்கள். கத்துகிற பிள்ளையைத் தாண்டிப் போய் நீங்கள் பாப்பாவைத் தூக்கி வைத்திருந்தீர்கள். அவள் உடம்பு கொதித்தது. கண் பாதி திறந்து கிடந்தது. டிஸ்பென்சரிக்கு நீங்கள் அவளைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓட, நான் பின்னால் ஓடினேன். என் செருப்பு ஒன்றை மறுநாள் யாரோ மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.

சாயந்தரம் காய்ச்சல் இறங்கிய பிறகு சொன்னீர்கள்: "அழுற புள்ளைக்கு அவசரமில்ல டீச்சர். அதுக்கு ஒடம்புல சத்து இருக்கு, அழுவுது. சும்மா கெடக்குற புள்ளையத்தான் மொதல்ல தொட்டுப் பாக்கணும்." என்னைக் குற்றம் சொல்வதற்காக நீங்கள் அதைச் சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறது, இறக்குங்கள் என்று சொல்வது போலத்தான் சொன்னீர்கள்.

அடுத்த வருடம் விறகுக் குவியலுக்குள் கண் திறக்காத குட்டியாக அந்தப் பூனை கிடைத்தது. தாய் திரும்பி வரவில்லை. துணி நனைத்துப் பால் கொடுத்து நீங்கள் வளர்த்தீர்கள். காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போன பிறகு, அது வாலைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு தொட்டிலாகப் பார்த்துக்கொண்டே போகும். ஒரு வேலையும் செய்யாது. "சின்னதொரையே தான்" என்றீர்கள், பெயர் நிலைத்துவிட்டது. பெரிய தொரைக்கு அடுத்த அதிகாரியான நிஜமான சின்னதொரை ஒரு நாள் கணக்கெடுக்க வந்தபோது நீங்கள் பூனையை அதட்ட வாயெடுத்து, பெயரை விழுங்கிக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அது பீலியில் தண்ணீர் குடித்ததுதான் எல்லாருக்கும் அதிசயம். கிண்ணத்தில் வைப்பதைக் காலி செய்துவிட்டு, லயத்து வீடுகளுக்குப் பின்னால் மலைத் தண்ணீர் விழுகிற அந்தத் தகரக் குழாய்க்கு வந்துவிடும். குடத்தோடு நிற்கிற பெண்கள், "தொரை வாராரு, எடம் விடுங்கடி" என்று ஒதுங்குவார்கள். அது கழுத்தை நீட்டி, மீசையெல்லாம் நனைய, நின்று நிதானமாகக் குடிக்கும். பூனை தண்ணீருக்குப் பயப்படும் என்பார்கள், இது எவ்வளவு கெட்டிக்காரப் பூனை என்று நானும் சேர்ந்து சொன்னேன். வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறேன்.

பிறகு உங்களுக்கு இந்தியாவுக்குப் போகிற கடதாசி வந்தது. எங்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை இருந்தது, உங்களுக்கு இல்லை. ஒரே தண்ணீரைக் குடித்த இரண்டு வீட்டை எந்தக் கணக்கில் பிரித்தார்கள் என்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். படித்தவள் என்று கேட்டீர்கள். பதுளையில் ரயிலேறுவதற்கு முதல் நாள் சாயந்தரம், கொழுந்துக் கூடையில் சாக்கு விரித்து, சின்னதொரையை எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தீர்கள்.

"இவனுக்குப் பாஸ்போட் எடுக்கல டீச்சர். இவன் இங்கயே பொறந்தவன்ங்கறதுல யாருக்கும் சந்தேகம் வரல. ஒங்களோட இருக்கட்டும்" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். பிறகு பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள், காய்ச்சல் ஒன்றும் இல்லாதபோதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வசந்தி, இங்கிருந்து அம்மாவுக்கு மெதுவாக வாசி. எதையும் விட்டுவிட்டு வாசிக்காதே. அதெல்லாம் அம்மாவிடம் நடக்காது. பூனாகலையில் உன் சித்திக்குக் குழந்தை தங்கவில்லை என்று வந்த கடிதத்தை அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டியபோது அந்த இரண்டு வரியைத் தாண்டிவிட்டேன். அம்மா பிள்ளைகளின் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, "டீச்சர், இப்ப வேகமாப் போனீங்களே, அந்த எடத்த மறுபடி வாசிங்க" என்றார்.

இரண்டு மாதமாகவே சின்னதொரை மெலிந்து வந்தது, அக்கா. மயிர் பளபளப்புப் போய்விட்டது. சண்டை இல்லை, கத்தல் இல்லை, அடுப்படியில் சும்மா படுத்திருந்தது. மழைக்குச் சோம்பல் என்று நினைத்தேன். போன மாதம் மூன்று நாள் வாந்தி எடுத்தது. ஸ்பிரிங்வெளி பஸ்ஸில், நீங்கள் தந்த அதே கூடையில் வைத்துப் பதுளைக்கு மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். ஒரு பூனைக்காகப் பஸ் ஏறிய ஆள் இந்த மலையிலேயே நீதான் என்றார் இவர். ஆனாலும் கூடையைப் பஸ் நிற்கும் இடம் வரை தூக்கி வந்தவரும் அவர்தான்.

டாக்டர் தலை நிமிராமல், எத்தனை மாடு என்று கேட்டார். கூடையைத் திறந்து காட்டியதும் சிரித்துவிட்டார். ஆனால் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. வாயை மோந்தார். ஈறைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றின் இரண்டு பக்கமும் விரல் வைத்து வெகுநேரம் தடவினார். பிறகு என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு உள்ளே, மொச்சைக்கொட்டை அளவில், கரடுமுரடாக ஒன்று நழுவியது. "இதுதான் கிட்னி, மிஸ். ரெண்டும் சின்னது. பொறக்கும்போதே சரியா வளரல்ல" என்றார். அடுத்த முறை அதன் மூத்திரத்தை ஒரு மருந்துப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனேன். சோதித்துப் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார்.

நிறையத் தண்ணீர் குடிக்குமா என்று கேட்டார். பீலிக் கதையைச் சொன்னேன். பழக்கத்தில் பெருமையாகவே சொல்லத் தொடங்கிவிட்டேன், அக்கா. பாதியில் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். கிட்னி பழுதானால் குடிக்கிற தண்ணீர் உடம்பில் நிற்காது, அப்படியே போய்விடும், அதனால்தான் குடித்துக்கொண்டே இருக்கும், போக வேண்டிய கழிவு மட்டும் உள்ளே தங்கிவிடும், வாயில் அடிக்கிற மூத்திர வாசனை அதுதான் என்றார். ஆக, குட்டியாக இருந்த நாளிலிருந்தே அதற்குத் தாகம். குடத்தோடு நின்று நாம் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

நான் கருவாடு கொடுத்ததனாலா என்று கேட்டேன். இல்லை, ஆனால் இனிமேல் வேண்டாம் என்றார். பாப்பாவுக்குத் தொற்றுமா என்றும் கேட்டேன். அதற்கும் இல்லை என்றார். ஒரு வருடத்துக்கு முன்பே கொண்டுவந்திருந்தால் என்று கேட்டதற்கு மட்டும் அவர் கை கழுவப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைதோறும் கொண்டுபோகிறேன். பிடரித் தோலைத் தூக்கி ஊசி வழியாகச் சேலைன் ஏற்றுகிறார். தோளில் ஒரு பக்கம் தண்ணீர்ப் பை போலத் தொங்கும், மறுநாளைக்குள் வற்றிவிடும். இரண்டு நாள் தெம்பாக இருக்கும். உப்பில்லாமல் குழைத்த சோறும் முட்டையும் கொடுக்கிறேன். சில நாள் தின்கிறது. இன்று நாலு வாய் தின்றது. இது குணமாகாது, இரண்டு மாதம் இருக்கலாம், குறையவும் கூடும் என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டை முழுதாக விட்டுவிட்டால் கொண்டுவாருங்கள், கஷ்டப்படாமல் தூங்கவைக்க ஒரு ஊசி இருக்கிறது என்றார். பாப்பாவிடம் அந்த ஊசியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அவள் அதற்கு ஒரு தொட்டில் கட்டச் சொல்கிறாள்.

அது உங்கள் பூனை. உங்களைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் கடிதம் போய்வர ஒரு மாதமாவது ஆகும். அதனால் நானே முடிவு செய்துவிட்டேன். தின்கிற வரைக்கும் சேலைன். இரண்டு நாள் சேர்ந்தாற்போல ஒன்றும் தொடாவிட்டால், மூன்றாம் நாள் பதுளைக்குக் கொண்டுபோவேன். கூடையில் வைத்துக் கொடுத்துவிட்டு வெளியே நிற்க மாட்டேன். மடியில் வைத்திருப்பேன். கோபம் இருந்தால் எழுதுங்கள்.

இப்போது வகுப்புக்குள் போனால் கையைத் தூக்கிக் கத்துகிற பிள்ளைகளைத் தாண்டி, கடைசி வாங்கில் உட்கார்ந்து பேசாமல் இருப்பவர்களிடம்தான் முதலில் போகிறேன். கிட்டப் போய்ப் பேச்சுக் கொடுத்தால் ஒருவருக்குப் பசி, ஒருவருக்குக் காது வலி. அதை உங்களிடம் பழகினேன். ஆனால் முழுதாகப் பழகவில்லை போலிருக்கிறது. ஏனென்றால் நீங்கள் வசந்தியைக் கொண்டு எழுதிய ஒரே கடிதம் வந்து பத்து மாதம் ஆகிறது. நீலகிரிப் பக்கம் தேயிலை வேலை கிடைக்கும்போலிருக்கிறது, போகிறோம் என்று விலாசம் போட்டு, சின்னதொரை இன்னும் பீலியில் தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். குடிக்கிறது என்று சந்தோஷமாகப் பதில் போட்டேன். அதன்பிறகு இன்னொன்றும் போட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை. வேலை கிடைத்திருக்கும், நேரம் இருக்காது, நன்றாகத்தான் இருப்பார்கள் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

டாக்டர் என் விரலை அந்த வயிற்றில் வைத்த அன்று, திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குத் திடீரென்று பயம் பிடித்தது. அது பூனையை நினைத்து இல்லை.

அதே விலாசத்துக்குத்தான் இதையும் அனுப்புகிறேன். வசந்தி அங்கே இல்லாவிட்டால் வாசிக்கத் தெரிந்த வேறு யாராவது இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள். பூனையைப் பற்றி ஒன்றும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், வேலை உண்டா, சாப்பாடு உண்டா, நல்லதோ கெட்டதோ இரண்டே வரி போதும், எதையும் தாண்டாமல் எழுதச் சொல்லுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள், அக்கா.