நன்றியுரையில் விட்டுப்போன பெயர்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஞாயிறன்று எங்கள் சேவை சங்கத்தில் என் அறைத்தோழிதான் சிறப்புப் பேச்சாளர். படுத்த படுக்கையான நோயாளிக்கு விரிப்பு மாற்றுவது எப்படி என்று பேசினாள். எல்லாம் ஆஸ்பத்திரி வேலையில் நான் சொல்லிக்கொடுத்தது. ஒரே கைத்தட்டல். நன்றியுரை என் பொறுப்பு. நாற்காலி போட்டவர்வரை எல்லோருக்கும் நன்றி சொன்னேன், அவளைத் தவிர.

“எம்பேரு மறந்துடுச்சாக்கா?” என்று சிரித்தாள்.

மறக்கவில்லை. பேச்சு முழுக்க அவள் கணவர் ஊரிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருந்தார். அதுதான் வயிற்றெரிச்சல்.

அடுத்த மாதக் கூட்டத்தில் நான் பேசுகிறேன். என் மாம்பழக் கலர் புடவையை அனுப்பிவையுங்கள். அவளைவிட எடுப்பாக இருக்க வேண்டும். ஷிப்டு வண்டி வந்துவிட்டது. நான் பேசுகிற அன்றைக்குப் போனைக் காதில் வைத்திருங்கள். தூங்கிப்போனாலும் பரவாயில்லை, கட் பண்ணிவிடாதீர்கள்.

உங்கள்,
வீட்டுக்காரி