மே மாதம் வரைக்கும்

ஆவடி,
18 மார்ச் 1990.

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

ஆவடியிலிருந்து ஞானகுமாரி எழுதுகிறேன். ரோஸி அக்காவின் தங்கை. உங்கள் கல்யாணப் போட்டோவில் அம்மாவுக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரியுமே, அது நான்தான். நீங்களும் அத்தையும் அக்காவும் தூத்துக்குடியில் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதம் எழுதுவது அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. தப்பாக ஏதாவது எழுதிவிட்டால் அது என்னோடு போகட்டும்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை மாமா.

இதைப் படித்ததும் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரிவதால் அடுத்த வரி எழுதவே தயக்கமாக இருக்கிறது. போன வருஷம் நாங்கள் அடித்த தந்தியிலும் இதேதான் இருந்தது. அம்மா சீரியஸ், ரோஸியை அனுப்பவும் என்று. நம்பி அக்காவை ரயிலேற்றினீர்கள். அதோடு நிற்காமல், மனசு கேட்காமல், லீவு போட்டுவிட்டு நீங்களும் பின்னாலேயே புறப்பட்டு வந்தீர்கள். இரவெல்லாம் உட்கார இடம் கிடைக்காமல் நின்றே வந்து, கையில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக எங்கள் குவார்ட்டர்ஸ் தெருவுக்குள் நுழைந்தபோது, அம்மா இடுப்பில் குடத்தோடு குழாயடியில் நின்று பக்கத்து வீட்டு லோகநாயகி அக்காவோடு தண்ணீருக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

ரோஸி எங்கே என்று கேட்டீர்கள். அம்மா குடத்தை இறக்கி வைத்தாள். நான்தான் பரீட்சைக்குப் போயிருக்காங்க என்று சொன்னேன். உங்களிடம் நான் பேசியது இன்றுவரை அது ஒன்றுதான்.

அக்கா திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றீர்கள். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அன்றைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். மறுநாள் அவளுக்கு அந்த வருஷத்தின் கடைசிப் பேப்பர் இருந்தது. நீங்கள் போன பிறகு அம்மா ரொம்ப நேரம் அழுதாள். பரீட்சை போனதற்காக இல்லை. "அந்தப் புள்ள நெசமாவே பயந்துகினு வந்துகீது" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

எம்.காம் படிப்பதை உங்களிடம் மறைத்தது எங்கள் தப்புதான். பெண் பார்க்க வந்தபோதே நீங்கள், நான்தான் உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேனே, ஒரு வீட்டுக்கு இரண்டு கணக்குப்பிள்ளை எதற்கு என்று சொன்னீர்களாம். சிரித்துக்கொண்டே சொன்னதால் அம்மா அதைத் தமாஷ் என்று நினைத்துவிட்டாள். தபாலில் படிக்கிற படிப்புதானே, பாடமெல்லாம் ஆவடி விலாசத்துக்கே வரட்டும், முடித்த பிறகு மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளே ஏற்பாடு செய்தாள். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் தபால்காரர் வந்தால், எம்காம் வந்துச்சா என்று முதல் ஆளாகக் கேட்பாள், யாரோ சொந்தக்காரரை விசாரிப்பதுபோல.

இந்த முறை உண்மை மாமா. பொங்கலுக்குப் பிறகு அம்மாவுக்குக் கால் வீங்கியது. வேலை செய்த வீக்கம் என்று உப்புத்தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு முகமும் வீங்கிவிட்டது. அப்பா வேலை செய்கிற ஃபேக்டரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பட்டணத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ரயிலில் கூட்டிப் போனோம். அண்ணனூர் ஷெட்டைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். என் முந்தானையால்தான் துடைப்பேன். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்கு ஷிப்ட். நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டவள், வீட்டிலேயே இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் கஷ்டம் ஒன்றுமில்லை. வாய்விட்டு அம்மா எதையும் கேட்பதில்லை என்பதுதான் கஷ்டம்.

அப்பா உங்களுக்கு எல்லாம் விவரமாக எழுதினார். நீங்கள் ஒரு கார்டு போட்டீர்கள். "பரீட்சை என்று ஆரம்பம்? தெரிவிக்கவும்" என்று ஒரே வரி. அப்பா அதைப் படித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். இனி அவர் எழுத மாட்டார். அவருடைய ரோஷம் உங்களுக்குத் தெரியும்.

பரீட்சை மே மாதம் ஆரம்பம் மாமா. ஆனால் அக்கா எழுத மாட்டாள். இதை அவளைக் கேட்காமலே எழுதுகிறேன். வந்திருக்கும் பாடக்கட்டுகள் எல்லாவற்றையும் சணல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன், உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். எரித்தாலும் சரி, எடைக்குப் போட்டாலும் சரி. மே வரை வேண்டாம், இப்போதே அவளை அனுப்புங்கள். நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே கூட்டி வாருங்கள். அம்மாவின் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். ராத்திரி தங்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டோம்.

நீங்கள் வரும்போது அம்மா மறுபடியும் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தால், நாங்கள் பொய்க்காரர்களாகவே இருந்துவிட்டுப் போகிறோம் மாமா. எனக்கு வேண்டியதும் அதுதான்.

பணிவுடன்,
ஞானகுமாரி


ஆவடி,
16 மே 1990.

இந்தக் கடிதத்தை மாமா முதலில் பிரித்தால், தயவுசெய்து அக்காவை உட்கார வைத்துவிட்டு அவள் கையில் கொடுங்கள். நின்றபடி படிக்க வேண்டாம்.

என் அன்பு அக்கா,

உன் கடிதம் நேற்று வந்தது. அப்பாதான் பிரித்தார். பாதி படித்ததும் என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். இன்னும் சாப்பிடவில்லை.

தந்தி வந்ததும் மாமா படித்துவிட்டு ஜன்னல் கம்பியில் செருகிவிட்டார் என்று எழுதியிருந்தாய். போன வருஷம் சீரியஸ், இந்த வருஷம் எக்ஸ்பயர்டு, அடுத்த வருஷத்துக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்டதையும் எழுதியிருந்தாய். அவர் கேட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் கீழே நீ எழுதியதைத்தான் என்னால் திரும்பப் படிக்க முடியவில்லை. அம்மா சொன்னபடியே செய்துவிட்டாள், ஆனாலும் பரீட்சைக்காக இப்படி ஒரு வார்த்தையையா தந்தியில் போடுவது, அம்மாவிடம் சொல், இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் எழுதிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

அம்மாவிடம் சொல்ல முடியாது அக்கா. அந்தத் தந்தி பரீட்சைக்காக இல்லை. ஐந்தாம் தேதி, சனிக்கிழமை விடியும்போது, அம்மா போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் அடக்கம் செய்துவிட்டோம்.

நீ நம்பாததில் உன் தப்பு ஒன்றுமில்லை. போன வருஷம் மாமா உன்னைக் கூட்டிப் போக வந்து நின்றபோது, அழுதுகொண்டே பெட்டி கட்டினாய். உன்னைச் சிரிக்க வைக்கத்தான் அம்மா காதோரம், "உடு, அட்த்த வாட்டி நான் செத்துட்டேன்னே தந்தி குட்துடலாம்" என்றாள். நீயும் சிரித்துவிட்டாய். அது உனக்கு ஞாபகம் இருக்கும்போது நீ வேறு எப்படி நினைப்பாய்.

அப்பா மாமாவுக்கு உடம்பு மோசம் என்று எழுதினார். அம்மா உனக்கு, நான் சுகம், நீ படி என்று எழுதச் சொன்னாள். இரண்டில் நீ அம்மாவை நம்பினாய். அப்பா எழுதியதை மே மாதத்துக்கான முன்னேற்பாடு என்று நினைத்திருப்பாய். அம்மா ஏன் அப்படி எழுதச் சொன்னாள் என்று உனக்குத் தெரிய வேண்டும். நான் உன்னை வரச்சொல்லி எழுதுகிறேன் என்று கேட்டபோதெல்லாம் அவள் விடவில்லை. "இப்ப வந்தா பாத்துட்டுப் பூடுவா. மே மாசம் மாப்ள மறுபடியும் உடமாட்டாரு. மே மாசம் வரைக்கும் நான் தாங்கிக்கிறேன், ரெண்டு வேலையும் ஒரே ரயில்ல முடியட்டும்" என்றாள். நான் அழுதால் அதட்டுவாள். போன வருசம் பொய் சொன்னோம், இந்த வருசம் நெசமாவே வந்துகீது, அத்த வீணாக்காதே என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். சிரித்தால் மூச்சு வாங்கும்.

ஏப்ரல் கடைசியில் உன் ஹால் டிக்கெட் வந்தது. கையில் கொடுக்கச் சொன்னாள். அதில் ஒட்டியிருந்த உன் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். இளைத்துவிட்டாள், அங்கே யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்டாள். அது நீ காலேஜில் எடுத்த பழைய போட்டோ என்று நான் சொல்லவில்லை.

ஹால் டிக்கெட் வந்ததும் உடனே தந்தி அடிக்கச் சொன்னாள். அப்பா மறுத்துவிட்டார். இன்னொரு முறை அந்த ஆளிடம் சிரிப்பு வாங்க மாட்டேன் என்று சொன்னார். அதுதான் அவர்கள் இரண்டு பேரும் கடைசியாகப் போட்ட சண்டை. அம்மா போன பிறகும் அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். லோகநாயகி அக்காதான், "இன்னாய்யா மனுசன் நீ, பெத்த பொண்ணுக்குச் சொல்லாமலா பொதைக்கப் போற" என்று திட்டிவிட்டு, தானே போய்த் தந்தி கொடுத்துவிட்டு வந்தாள். அம்மாவோடு தினமும் சண்டை போட்டவள்தான் அம்மாவைக் குளிப்பாட்டினாள்.

ஐஸ் வைத்து மறுநாள் சாயங்காலம் வரை காத்திருந்தோம். சாமியார் வந்து நின்ற பிறகும் அப்பா இன்னொரு வண்டி பார்க்கலாம், இன்னொரு வண்டி பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வந்த பெண்கள் எல்லோரும் என்னிடம்தான் மூத்தவள் எங்கே என்று கேட்டார்கள். நான் யாரிடமும் பேசுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். அன்றைக்கு ஒவ்வொருவருக்கும் வாயைத் திறந்து, வந்துகினு இருக்காங்க, வந்துகினு இருக்காங்க என்று சொன்னேன். பெட்டியை மூடும்போதும் ஒரு கிழவி கேட்டாள். அப்போதும் அதையேதான் சொன்னேன்.

இன்னொன்று அக்கா. மார்ச் மாதமே மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர் உன்னிடம் காட்டியிருக்க மாட்டார். அக்கா இனிப் பரீட்சை எழுத மாட்டாள், இப்போது அனுப்பினால் போதும் என்று எழுதினேன். உன் படிப்பு, நீ கஷ்டப்பட்டது, அம்மா மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. விட்டுக்கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. பதிலே வரவில்லை.

மாமாவை நான் குறை சொல்லவில்லை. அவர் ஒரு முறை நம்பி வந்தார். நாங்கள்தான் அதைச் செலவழித்துவிட்டோம். இதைப் படித்த பிறகு அவருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். அவரோடு சண்டை போடாதே.

உன் பாடங்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. போன வாரம்கூட ஒரு கட்டு வந்தது. தபால்காரர் பழக்கத்தில் அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா எழுந்து வரவில்லை. நான் வாங்கி வைத்தேன்.

முப்பதாம் நாள் பூசை ஜூன் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கறுப்புக் கரை போட்ட அட்டை ஒன்று இதற்குள் இருக்கிறது, அம்மா படத்தோடு. மாமாவிடம் காட்டு. அச்சாபீசில் காசு கொடுத்தால் இதையும் அடித்துத் தருவார்கள் என்று அவர் சொன்னால், அதற்கு மேல் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை.

பரீட்சை இந்நேரம் முடிந்திருக்கும். இந்த வீட்டில் இப்போது யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை. உன்னை அனுப்பச் சொல்லி மாமாவிடம் எந்தக் காரணத்தைச் சொல்வேன். அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். நானும் பேசத் தெரியாதவள். காலையில் ஃபேக்டரிச் சங்கு ஊதினால்தான் இந்த வீட்டுக்குள் ஒரு சத்தம் கேட்கிறது. பூசைக்கு முடியாவிட்டால் அதற்குப் பிறகு வா, எப்போது அனுப்பினாலும் வா. எதற்காக என்று கேட்டால் சும்மா என்று சொல்லிவிட்டு வா அக்கா.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
ஞானம்