ஜவ்வாது மலைக் கரடி உன் மேல் செய்த காரியம்

என் அருமை மாப்பிள்ளை சிங்காரத்துக்கு,

உன் பதினாறாம் நாள் காரியம் நேற்று முடிந்தது. உன் பெரியண்ணன் தொழிற்பேட்டை வாசலில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்: ‘கரடியை வெறுங்கையால் கொன்ற மாவீரன்’. மஞ்சள் காமாலையில் போனவனுக்கு இப்படி ஒரு பட்டம். பார்த்ததும் குமட்டியது. கரடியைப் பார்த்தபோதுகூட இவ்வளவு குமட்டவில்லை என்று எழுத ஆசை. அது பொய். கரடிதான் அதிகம்.

போஸ்டரை மழை பார்த்துக்கொள்ளும். என் கவலை உன் மகள் கோமதி. கரடியின் கழுத்தை நீ நெரித்த கதையைப் பெரியண்ணன் அவளுக்குச் சொல்லிவிட்டார். ஏழு வயதுப் பிள்ளை, அன்று முதல் படுக்க மாட்டேன் என்கிறாள். “செத்துப்போன கரடியோட ஊட்டுக்காரரு நம்மள தேடிகினு வருவாரா மாமா?” என்று கேட்கிறாள். இதற்கு என்ன பதில் சொல்வது, நீயே சொல்.

முன்பும் அவள் இப்படித்தான் ராத்திரியில் பயந்து தூங்காமல் கிடந்தாள்; அந்தப் பயத்துக்காகத்தானே நாம் மலைக்கே போனோம்? மசூதியில் மந்திரித்த தண்ணீர் பலிக்கவில்லை. பூந்தமல்லி சாலையில் கரடிக்காரன் வந்தபோது அவளைக் கரடி முதுகில் உட்கார வைத்தாய். அது சலாம் போட்டது. அவன் கொடுத்த முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டினாய். பயம் போகவில்லை. சந்தேகப்பட்டு ஒரு முடியைக் கொளுத்திப் பார்த்தாய். தென்னை நார் வாசனை அடித்தது.

“மச்சான், நெஜ கரடி எங்க கீது?”

நூலகத்தில் படித்ததை வைத்து ஜவ்வாது மலை என்றேன். அடுத்த விடுமுறையில் இருவரும் ரயிலேறிவிட்டோம். ஆவடியில் பட்டாளத்துப் பழைய சாமான் விற்பவனிடம் நீ இரண்டு கயிற்றுவலைத் தூளி வாங்கியிருந்தாய். மரத்துக்கு மரம் கட்டித் தொங்கினால் கரடிக்கு எட்டாதாம். உன் தூளி இடுப்பு உயரத்தில் தொங்கியது. பந்தியில் இலை போட்ட மாதிரி.

அதன் அடியில் பலாப்பழத்தைப் பிளந்து வைத்ததை நீ என்னிடம் சொல்லவே இல்லை.

விடியும்போது ஒரு சத்தம் கேட்டு விழித்தேன். தண்ணீர் வராத அடிபம்பு காற்றை உறிஞ்சுகிற சத்தம். பார்த்தால், கரடி. கரடிக்கு மோப்பம் அதிகம், பார்வை குறைவு என்று புத்தகங்கள் எழுதுகின்றன. எச்சில் பற்றி ஒருவரும் எழுதவில்லை. தாடையிலிருந்து கயிறு கயிறாக ஒழுகியது. சடை பிடித்த முடியில் உண்ணிகள் கொத்தாகத் தொங்கின. ஈரச் சாக்கும் அழுகிய பழமும் கலந்த நாற்றம் என் தூளிவரை வந்தது.

நீ ஓடவில்லை. வலைக்குள்ளிருந்து தலையை நீட்டி, கரடிக்காரன் குரலிலேயே, “சலாம் போடு ராஜா” என்றாய்!

அது எழுந்து நின்றது. நம் தெருவில் கரடி எழுந்தால் சலாம். காட்டில் அதற்கு வேறு அர்த்தம் என்று உனக்குத் தோன்றவே இல்லை. “சமத்து” என்று சொல்லி, அதன் நெஞ்சிலிருந்து ஒரு பிடி முடியைப் பிடுங்கினாய்.

கரடி அலறியது. உன் முகத்தில் தும்மியது. ஒரே அறையில் தூளிக் கயிறு அறுந்து, நீ பலாச்சுளைகள் மேல் விழுந்தாய். அது உன்னைத் தாண்டி ஓடியது. தாண்டும்போது பயத்தில் வயிறு கலங்கி, உன் நெற்றியிலிருந்து தொப்புள்வரை கழிந்துவிட்டுப் போனது. அதில் கொட்டைகளும் இருந்தன. நான் வாந்தி எடுத்தேன்.

நீயோ முகத்தைக்கூடத் துடைக்காமல் கையைத் தூக்கிக் காட்டினாய். “கீது மச்சான்! கையில கீது!”

ஓடையில் குளித்தும் நாற்றம் போகவில்லை. திரும்பி வரும்போது நம் பெட்டியில் உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது. வீட்டில், ராஜா சலாம் போட்டுத் தானே முடி கொடுத்தார் என்றாய். கோமதி நம்பினாள், தூங்கினாள். அசிங்கத்தை எதற்குக் கிளற வேண்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

இன்று மாலை, உன் அண்ணன் எதிரிலேயே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

“சீ, பச்சப் புள்ளகிட்ட பேசற பேச்சா இது?” என்றார் அவர்.

கோமதி அவரைக் கவனிக்கவில்லை. “எங்கப்பா மேலயா?”

“மேலதான். வாயில்கூடக் கொஞ்சம்.”

“அப்ப கரடிதான் பயந்துச்சா?”

“பயந்தால்தானே அப்படிப் போகும்?”

“சாவலயா?”

“எங்கே சாவது? நம்மை விட வேகமாக ஓடியது.”

சிரித்தாள் மாப்பிள்ளை. நீ போன பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. மூலையில் உட்கார்ந்திருந்த என் தங்கை தலையைத் தூக்கினாள். “நான்தானே அந்தச் சட்டைய தொவச்சேன்? சேறுன்னாரே, பாவி மனுசன்!” என்றவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

“இன்னொரு தபா சொல்லு மாமா” என்றாள் கோமதி. சொன்னேன். வாந்தி எடுத்த இடம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

அவள் எப்போது கேட்டாலும் சொல்வேன். நாளைக்கு அவள் வளர்ந்து, பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜியைக் கையில் எடுத்திருக்கும் நேரத்தில் கேட்டாலும், ஒரு சொட்டு குறைக்காமல் சொல்வேன். எனக்கு ஒவ்வொரு முறையும் குமட்டும். குமட்டட்டும்.

இப்படிக்கு,
கோமதியின் தாய்மாமன்,
என்றும் உன் மச்சான்.