வெடியில்லாமல் முடிந்த போர்

கிளிநொச்சி,
ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு, சுகிர்தா வணக்கத்துடன் எழுதுவது. பதுளையில் மழை விட்டதா? உங்கள் முழங்கால் வலி எப்படி? நான் நலம்.

நேற்று, நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு மரியமலர் அக்காவோடு ஓவியக் கண்காட்சிக்குப் போனேன். மண்டபத்தின் நான்கு சுவரையும் சுற்றி ஒரே படமாகக் கடலும் கோட்டையும் காடும் வரைந்திருந்தார்கள். நடுவில் நின்றால் நாமும் அதற்குள் நிற்பது போலிருந்தது. பிறகு அங்கேயே வன்னி அரசர் காலத்துப் போர் ஒன்றை நடித்தார்கள்.

பீரங்கிக்காகப் பெரிய வெடியைக் கொளுத்தியதும், அக்கா என்னைக் கதிரையிலிருந்து இழுத்துத் தரையில் தள்ளி என்மேல் படுத்துவிட்டார்.

"தலையைத் தூக்காதை பிள்ளை!"

அவருடைய நெஞ்சு என் முதுகில் இடித்தது. இங்கே நடந்த உள்நாட்டுப் போரைக் கண்ட வயதுக்காரர் எல்லோரும் தரையில் கிடந்தார்கள். உண்மையாகவே ஏதோ நடக்கிறதென்று நானும் கத்திவிட்டேன்.

அரசர் வேடமிட்டவர் ஓடிவந்து, "நாடக வெடிதானம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார்.

அக்கா மெல்ல எழுந்து சேலையைத் தட்டினார். "வெடி வேண்டாம். மிச்சத்தை நடியுங்கோ, முடிவைப் பாக்கோணும்."

சத்தமே இல்லாமல் போர் முடிந்தது. அதுவரை அவர் என் கையை விடவில்லை.

பயப்பட ஒன்றுமில்லை அப்பா. நம் வீட்டுத் தேயிலைத்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். பின்னேரங்களில் ஒருதரம் போன் எடுத்துச் சும்மா ஏதாவது பேசுங்கள். நேற்றிலிருந்து கதவு படாரென்று சாத்தினாலும் அக்கா குனிவதற்கு முன்பே நான் குனிந்துவிடுகிறேன். அந்த வரியை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள்.

பஸ் நிறுத்தத்தில் இருந்துதான் எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது, இதோடு நிறுத்துகிறேன்.

மகள்,
சுகிர்தா