பெருந்துறைக்குப் போன டிவிடி

அப்பா,

இன்று காலை பக்கத்துப் பட்டறையில், செம்புக் கம்பியில் காயில் கட்டி முடித்த மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றினார்கள். ஜன்னல் வழியாக வாசம் வந்ததும், அதே வாசம் வீசும் உங்கள் சட்டை எங்கோ அருகில் காய்கிறது என்று ஒரு நிமிடம் நம்பிவிட்டேன். அம்மாவும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பத்தாவதோடு நான் படிப்பை நிறுத்தியபோது நீங்கள் திட்டவில்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுவதை நீங்கள் விளக்கிக்கொண்டே செய்ய, நான் போனில் வீடியோ எடுத்தேன். பதினான்கு பாடங்கள். டிவிடியில் பதிந்து, நம் வெப்சைட்டில் ஆர்டர் போட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினோம். எல்லாப் பாடத்தையும் ஒரே மாதிரிதான் தொடங்குவீர்கள்: "கை வெக்கறதுக்கு முன்னால கரண்ட நிறுத்திப்போட்டீங்களான்னு பாத்துக்குங்க. ஊட்ல உங்களுக்குச் சோறு ஆக்கி வெச்சிருப்பாங்க."

பார்சலைத் தபால் ஆபீசில் சேர்ப்பது என் வேலை. கவுண்டரில் இருந்த பெண்மணி, வரிசை முழுக்கக் கேட்கும்படி, "ஏனம்மணி, இந்நேரத்துக்கு நீ பள்ளிக்கூடத்துல இருக்கோணுமல்ல?" என்பார். போகும்போதெல்லாம் கேட்பார். எனக்குக் கை வேர்த்து, பார்சல் மேல் எழுதிய முகவரி கலைந்துவிடும்.

அதனால்தான் டவுன்லோடுக்கு மாறலாம் என்றேன். உங்களிடம் சொன்ன காரணம் வேறு. இப்போது வரும் லேப்டாப்பில் டிவிடி போட இடமே இல்லை, வாங்குகிறவர்கள் குறை சொல்கிறார்கள் என்றேன். அதுவும் பொய்யில்லை.

"கையில ஒரு பொருளக் குடுத்தாத்தான் கண்ணு, வித்த மாதிரி இருக்குது," என்றீர்கள்.

"லிங்க் அனுப்பினாப் போதுங்கப்பா. ஒடையாது, தொலையாது."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "செரி, நீ சொன்னாச் செரி," என்றீர்கள். மீதமிருந்த டிவிடிகளை நம் பட்டறைக்கு வந்தவர்களுக்குச் சும்மாவே கொடுத்துத் தீர்த்தீர்கள். பாடங்கள் வெப்சைட்டில் ஏறிவிட்டன என்று, கம்ப்யூட்டரிலும் போனிலும் இருந்ததை நான் அழித்தேன். இடம் போதவில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போன பிறகும் உங்கள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. "வாத்தியாருங்களா?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் அம்மா அதே செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள், இனி ரீசார்ஜ் செய்ய வேண்டாம் என்றாள். நானும் சரியென்றேன். பிறகு வெப்சைட்டைப் புதுப்பிக்கப் போனபோது ஓடிபி உங்கள் நம்பருக்குப் போனது. அந்த நம்பர் அதற்குள் வேறு யாரிடமோ இருந்தது. வெப்சைட் மூடிக்கொண்டது. டவுன்லோடு செய்தவர்களும் போன் மாற்றியபோது பாடங்களை விட்டுவிட்டார்களாம். அந்தப் பாடங்களைத் தவிர உங்கள் குரலை நாம் எங்கும் பதிந்து வைக்கவில்லை.

டிவிடி அனுப்பியவர்களின் நம்பர்கள் நோட்டில் இருந்தன. போனில் பேச எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். முதல் ஆள் "அலோ" என்றதும் வைத்துவிட்டேன். அப்புறம் எப்படியோ பேசினேன். ஒருவர் உடைந்துவிட்டது என்றார், ஒருவர் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார். பெருந்துறைக்காரர் ஒருவர் மட்டும் இருக்கிறது என்றார்.

"மக்காச்சோளக் காட்டுல மயிலுக்காவக் கட்டித் தொங்கவுட்டிருக்கறனுங்க அம்மணி. மின்னுனா ஓடிப்போயிருமுன்னாங்க. அது என்னடான்னா, முன்னால நின்னு மூஞ்சியப் பாத்துட்டு மேயுதுங்க." சிரித்துவிட்டுக் கேட்டார்: "வாத்தியாரு நல்லா இருக்காருங்களா?"

சொன்னேன். அந்த டிவிடி எதற்கு வேண்டும் என்பதையும் சொன்னேன்.

மறுநாளே பஸ் ஏறிக் கொண்டுவந்தார். துடைத்து, துண்டில் சுற்றியிருந்தார். வெயிலில் அதன் பளபளப்பு செதில் செதிலாக உரிந்திருந்தது. பிளேயரில் போட்டோம். சுற்றியது. டிவி நீலமாகவே இருந்தது. அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காட்டுல கட்டாம இருந்திருக்கோணுமுங்க," என்று சொல்லிவிட்டு, போட்ட காப்பியைக் குடிக்காமல் கிளம்பினார். தப்பு அவருடையதல்ல, எல்லாவற்றையும் அழித்தவள் நான்.

நோட்டில் இன்னும் ஒன்பது நம்பர்கள் இருக்கின்றன. கூப்பிடுவேன். ஆனால் அதைவிட வேறொன்று என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டவுன்லோடுக்கு மாறிய அன்று, செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "இனி தபாலாபீசுல அந்தம்மா உன்னையக் கேள்வி கேக்காது கண்ணு," என்றீர்கள்.

அவர் கேட்பதை நான் உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை, அப்பா.